214-ஆம் எண் நீலச்சட்டை

சிதம்பரம்,
03-02-2025, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய நண்பர் தேவசகாயம் அவர்களுக்கு,

மணவாளன் எழுதிக்கொள்வது. தங்கள் மூட்டு வலி தணிந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன். 17-01-2025 தேதியிட்ட தங்கள் கடிதம் 20-ஆம் தேதி பிற்பகல் கிடைத்தது. பதினான்கு நாட்கள் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணம் அன்று; அருவருப்பு. அது தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணிவதாக இல்லை.

தொலைபேசியில் பேசலாமே என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். பேச்சுக்குத் தேதி கிடையாது. கடிதத்துக்கு உண்டு.

செய்தி இதுதான். நான் பணியாளர் அலுவலராக இருபத்துநான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த, தாங்கள் தொழிற்சங்கச் செயலாளராக என் மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கு நின்ற, அதே சிப்காட் தொழிற்சாலை வருகிற 15-07-2025 அன்று நாற்பதாண்டு நிறைவு கொண்டாடுகிறது. விழா மலரில் 'நம் தொழிற்சாலையில் உடை: அன்றும் இன்றும்' என்று நான்கு பக்கக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்கள். 22-01-2025, புதன்கிழமை, நேரில் போனேன்.

நம் பொது மேலாளரின் அறையில் ஒரு மனிதர் கழுத்துப்பட்டை இல்லாத பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஏசி இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் என்று நினைத்து, மேலாளர் எப்போது வருவார் என்று அவரிடமே கேட்டேன். அவர்தான் மேலாளர். என்னை வரவேற்ற மனிதவள அதிகாரி அனுப்பிரியா என்ற பெண், நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் அவள் காற்சட்டையின் இரண்டு முழங்காலும் கிழிந்திருந்தன. வரும் வழியில் விழுந்துவிட்டாளோ என்று பதறிப்போய், "அம்மா, அடி பலமா?" என்றேன்.

"ஐயோ சார், இது ஸ்டைல் சார். கடையில வாங்கும்போதே கிழிஞ்சிதான் இருக்கும்."

"விலை குறைத்துத் தருவார்களோ?"

"ஜாஸ்தி சார்!"

காலை எட்டு இருபத்தைந்துக்கு வாசலில் நின்று, செருப்போடு வந்தவனை, மேல் பித்தானைத் திறந்துவிட்டு வந்தவனை, சட்டையை வெளியே விட்டு வந்த எழுத்தரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த வாசலில் இப்போது ஒருவன் அரைக்கால் சட்டையோடு வண்டியிலிருந்து இறங்கி, காவலாளியின் தோளில் தட்டிவிட்டு உள்ளே போகிறான். கணினிப் பிரிவாம்.

இன்னொன்றையும் கேளுங்கள். விழாவன்று பழைய சீருடைகளைத் தைத்து மாட்டிக்கொண்டு ஊழியர்கள் மேடையில் இடுப்பை வளைத்து நடக்கப்போகிறார்கள். காக்கி, நீலம், காப்பி நிறம் எல்லாம் உண்டு. காப்பி நிறத்துக்குக் கையில் துடைப்பமும் கொடுப்பதாகத் திட்டம். 'ஃபன்னா இருக்கும் சார்' என்றாள் அந்தப் பெண்.

கட்டுரை எழுத ஒப்புக்கொண்டேன். நான் எழுதாவிட்டால் அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். என் குறிப்பின்படி அனைவருக்கும் காக்கி 15-07-1985 முதல். நிரந்தரத் தொழிலாளிக்கு நீலமும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காப்பி நிறமும் 01-04-1989 முதல். சங்கத்தின் ஒப்பந்த நகலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டுகிறேன்.

தங்கள் இல்லத்தரசியார் ஜெயராணி அவர்களுக்கு என் வணக்கம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அ. மணவாளன்.


கடலூர் முதுநகர்,
10-02-2025.

அன்புள்ள மணவாளன் சாருக்கு,

தேவசகாயம் அன்போடு எழுதுவது. மூட்டு அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துத் தேய்த்து ஜெயராணியின் கைதான் தேய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஆபீசரு ரிட்டயர் ஆயி இத்தினி வருசமாச்சி, இன்னும் கேட்டுலயே நிக்கிறாரா?" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கு உங்கள் மேல் மரியாதை உண்டு. அடுத்து நீங்கள் எப்போது வருகிறீர்கள், கொடுவா மீன் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்கச் சொன்னாள். நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சார், கிழிந்த பேண்டுக்காக இவ்வளவு நொந்துகொள்கிறீர்களே, நீங்கள் போட்ட குறிப்புகளை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? லேபில் முதன்முதலாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாளே, தமிழ்ச்செல்வி, 1997-இல். சுடிதாரோடு வந்தாள் என்று இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினீர்கள். துப்பட்டா இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும், சேலையே பாதுகாப்பானது என்று! "ரெண்டு கஜம் சிக்கும், ஆறு கஜம் சிக்காதா சார்?" என்று நான் கேட்டேன். "எழுத்து மூலமாகக் கேளுங்கள்" என்றீர்கள். சங்க ஆபீசே சிரித்தது.

தேதிகள் சரி. நகலைப் பார்த்துவிட்டேன். நீலச்சட்டை நான் பேசி வாங்கியது. தையல் கூலியோடு ஆண்டுக்கு இரண்டு செட். அதற்கு முன் காக்கியில் ஊருக்குப் போனால் பஸ்சில் நம்மிடம் டிக்கெட் கேட்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீலம் வந்த பிறகுதான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வேலை நிரந்தரமா என்று கேட்பதை விட்டார்கள். சட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. விழாவில் எனக்கும் பொன்னாடை போர்த்துகிறார்கள். 'நீலச்சட்டை பெற்றுத் தந்த தலைவர்' என்று அறிவிப்பார்களாம். பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். என் பழைய சட்டை ஒன்று பெட்டியில் இருக்கிறது, 214 நம்பர் பையில் தைத்தபடியே. போட்டுப் பார்த்தேன், பட்டன் தொப்பைக்கு எட்டவில்லை. பக்கத்தில் துணி கொடுத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். காப்பி கலர் பற்றி ரொம்ப விரிவாக எழுத வேண்டாம் சார். நல்ல நாளும் அதுவுமாகப் பழைய சங்கடமெல்லாம் எதற்கு?

உங்கள் அன்பன்,
தேவசகாயம்.


சிதம்பரம்,
27-02-2025, வியாழக்கிழமை.

நண்பர் தேவசகாயம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் 13-ஆம் தேதி கிடைத்தது. முதலில் ஒரு திருத்தம். தமிழ்ச்செல்வி பணியில் சேர்ந்தது 08-01-1996. அந்தக் குறிப்பு இரண்டு பக்கம் அன்று, ஒன்றரைப் பக்கம். அதில் நான் எழுதியது அபத்தம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட முடியுமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன்.

24-02-2025, திங்கட்கிழமை, கண் பரிசோதனைக்காக இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வாசலில் காவலாளி. அறுபத்தைந்து வயது இருக்கும். வெளிர்நீலச் சட்டை யாரோ பருமனான ஒருவருக்குத் தைத்தது; தோள் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது. தோள்பட்டைப் பட்டி ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. இடைவாரில் ஆணியால் புதிதாக மூன்று துளை. தலையில் தொப்பி. கழுத்துப் பித்தான் திறந்திருந்தது. இந்த வயதில் ஒருவருக்கு வேடம் கட்டி வெயிலில் நிறுத்துகிறார்களே என்று எனக்கு வெறுப்பு. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கழுத்துப் பித்தானைப் போடுங்கள்" என்றேன்.

அவர் உடனே போட்டார். குதிகாலைச் சேர்த்து ஒரு சலாம் வைத்தார். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தார்.

"மணவாளன் சார்தானே? கொரல வச்சே கண்டுபுடிச்சிட்டேன். என்னத் தெரியுதுங்களா? கலியமூர்த்தி. குமராட்சி. காப்பி சட்ட."

எனக்குத் தெரிந்தது.

தாங்கள் விரிவாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட விஷயம் இதுதான். ஆகையால் பதிவுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

17-11-1994, வியாழக்கிழமை. மூன்று நாள் அடைமழை. கொள்ளிடக் கரையில் தண்ணீர் ஏறி, பிற்பகலில் அரசுப் பேருந்துகள் நின்றுவிட்டன. சிதம்பரத்துக்கு நம் கம்பெனி பேருந்து ஒன்றுதான். அதில் நீலச்சட்டையும் அலுவலர்களும் மட்டுமே ஏறலாம்; காப்பி நிறத்துக்கு இடமில்லை. விதியை எழுதியவன் நான். பிற்பகல் மூன்று ஐம்பதுக்குச் சைக்கிள் கொட்டகையில் தாங்கள் பையைத் திறந்து, தங்கள் இரண்டாவது சட்டையைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தீர்கள். என் அறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அதில் தவறு காண அன்றும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பேருந்துப் படியில் 214 என்ற எண்ணோடு 214 அல்லாத ஒருவர் கால் வைத்ததைக் கண்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இறங்கச் சொன்னேன். கம்பெனி உடைமையை அங்கேயே கழற்றி ஒப்படைக்கச் சொன்னேன். பேருந்து நிறைய ஆட்கள் பார்க்க, மழையில், அவர் கழற்றினார். மடித்துக் கொடுத்தார். சட்டை நனைந்துவிடக் கூடாது என்று நான் குடையை அதன் மேல் பிடித்தேன். அவர் மேல் அல்ல.

மறுநாள் தாங்கள் எழுத்து மூலம் தந்த புகார், கொடியில் உலர்த்திய சட்டை களவு போனது என்பது. கலியமூர்த்தி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. 'ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், உன்னை உள்ளே கொண்டுவருகிறேன், இப்போதைக்கு வாயைத் திறக்காதே' என்று தாங்கள் சொன்னீர்களாம். இது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஆளுக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். இருபத்துநான்கு மாதத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். நான் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை; கணக்கு எனக்கு மனப்பாடம். "நானூற்று எழுபத்தொன்று" என்றேன். ஒன்பது நாள் குறைவு. அன்று மாலையே கலியமூர்த்தி வெளியே. தேதியில் நான் தவறியதே இல்லை என்று எத்தனை முறை தங்களிடம் பெருமை பேசியிருக்கிறேன்!

மருத்துவமனை வாசலில் அவர் என்னிடம் எந்தக் குறையும் சொல்லவில்லை. "பன்னெண்டு மணி நேரம் டூட்டி சார். உக்காரக் கூடாது. சட்ட கிழிஞ்சா சம்பளத்துல புடிச்சிக்கிறானுங்க, அதான் தோள அசைக்காம நிக்கிறேன்" என்று சிரித்தார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டேன். அப்போதுதான் முகம் மாறியது.

"சம்சாரம் பொன்னி நல்லாதான் இருக்கு சார். பேசும், ஆக்கிப் போடும். ஆனா இன்னிக்கி வரைக்கும் என்ன நம்பல. தேவசகாயம் அண்ணந்தான் குடுத்தாருன்னு தலையில அடிச்சி சொன்னேன். 'சங்கத்து செக்ரட்டரி எழுதிக் குடுத்திருக்காரே, அவரு பொய் சொல்லுவாரா?'ங்குது. முப்பது வருசமா வீட்டுப் பெட்டி சாவிய இடுப்புலயே வச்சிருக்கு சார்."

நண்பரே, கட்டுரையில் இதை எழுதப்போகிறேன். என் பங்கை முழுமையாக எழுதுவேன். தங்கள் பங்கைத் தாங்களே எழுத வேண்டும். இரண்டு வரி போதும்.

அ. மணவாளன்.


கடலூர் முதுநகர்,
06-03-2025.

மணவாளன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை ஜெயராணிக்கு வாசித்துக் காட்டவில்லை.

ஒன்று கேட்கிறேன். பஸ் படியில் அவனை நிறுத்தியது நானா? கண்ணை ஒரு நிமிஷம் மூடியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான், நானும் புகார் எழுதியிருக்க மாட்டேன். சன்னலில் பார்த்தேன் என்று இப்போது எழுதுகிறீர்கள். அன்றைக்கு எழுதினீர்களா? என் புகாரை வாங்கி, சீல் வைத்து, நம்பர் போட்டு ஃபைலில் சேர்த்தது யார்?

அந்த மாதம் 21-ஆம் தேதி ஒப்பந்தம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சம்பள உயர்வு. சீருடையை இரவல் கொடுத்தவனுக்கு சஸ்பென்ஷன் என்று நீங்கள்தான் விதி எழுதியிருந்தீர்கள். நான் சஸ்பென்ஷனில் போனால் யார் கையெழுத்துப் போடுவது? நிர்வாகம் அதற்குத்தான் காத்திருந்தது. ஒருவனா, முந்நூற்றுப் பன்னிரண்டு பேரா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அவனை உள்ளே கொண்டுவர முயற்சி செய்யாமலும் இல்லை. 95-இல் இரண்டு தடவை பேசினேன். அப்புறம் வேறு வேலை வந்தது, வேறு பிரச்சினை வந்தது. அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நானும் போகவில்லை. அதைத் தப்பு என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது எழுதச் சொல்கிறீர்களே, யாருக்காக? என் மகன் அந்தச் சட்டையைக் காட்டித்தான் 'எங்கப்பா' என்று பிள்ளைகளிடம் சொல்கிறான். எழுபத்தொரு வயதில் அவர்கள் முன்னால் நான் என்னவென்று நிற்பது? சங்கத்து ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நேற்று தையல்காரன் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டான். நன்றாகப் பொருந்துகிறது.

பன்னிரண்டு வருஷமாக நமக்குள் கடிதம். என் பென்ஷன் மனு அத்தனையும் நீங்கள் எழுதிக் கொடுத்தது. அதற்காகவாவது இதை விட்டுவிடுங்கள் சார். கெஞ்சிக் கேட்கிறேன்.

தேவசகாயம்.


சிதம்பரம்,
02-04-2025, புதன்கிழமை.

திரு. தேவசகாயம் அவர்களுக்கு,

தங்கள் 06-03-2025 தேதியிட்ட கடிதத்தில் கேட்டவை நியாயமான கேள்விகள். நிறுத்தியவன் நான். புகாருக்கு எண் போட்டவன் நான். வரிசை எண் 94/1187. இருபத்துநான்கு ஆண்டுகள் பிறர் கழுத்துப் பித்தானைப் பார்த்தே காலம் கழித்த என்னை நினைத்தால், பனியன் போட்ட அந்த மேலாளர் மேல் எனக்கிருந்த வெறுப்பெல்லாம் என் மேலேயே திரும்புகிறது. கண்ணாடி முன் நின்று சட்டை போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை. முகச்சவரம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் செய்கிறேன்.

தங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருக்கக்கூடும். 18-11-1994 அன்று செய்ததைப் பற்றி நான் தங்களிடம் கேட்கவில்லை. இப்போது செய்ய மறுப்பதைப் பற்றித்தான் கேட்டேன்.

கட்டுரையை 14-03-2025 அன்று அனுப்பினேன். 20-ஆம் தேதி அனுப்பிரியா தொலைபேசியில் அழைத்தாள். "சார், படிச்சிட்டு அழுதுட்டேன் சார். ஆனா மேல வேணாங்குறாங்க. அந்த ரெண்டு பக்கத்த எடுத்துட்டு போட்டோ போட்டுக்கிறோம்" என்றாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். காப்பி நிறச் சட்டையையும் துடைப்பத்தையும் நிகழ்ச்சியிலிருந்து அவளே எடுத்துவிட்டாளாம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் பெயர் மலரில் வராது.

பின்பு ஒரு தாளில், தட்டச்சில், ஆறு பத்தியில் உண்மையை எழுதினேன். கலியமூர்த்தி சட்டையைத் திருடவில்லை; அது அவருக்குக் கொடுக்கப்பட்டது; அதைக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தும் பொய்ப் புகாரை ஏற்றேன் என்று. தேதியிட்டுக் கையெழுத்து வைத்தேன். 30-03-2025, ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு விடுப்பு என்பதால் மினி பஸ் பிடித்துக் குமராட்சிக்கே போனேன்.

கைலியும் வெறும் மேலுமாக வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் பதறி எழுந்து உள்ளே சட்டை தேடி ஓடினார். வேண்டாம், உட்காருங்கள் என்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்கவில்லை. போட்டுக்கொண்டுதான் வந்தார்.

தாளை நிதானமாக, விரல் வைத்து, கடைசி வரை படித்தார். பொன்னி அம்மாள் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"ஆபீசரு எழுதியிருக்கீங்க, சரிங்க. அந்த செக்ரட்டரி என்ன சொல்றாரு?" என்றார்.

தாளைக் கலியமூர்த்தியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"சட்ட அவரோடதுங்க. களவு போச்சின்னு சொன்னதும் அவருதாங்க. போவலன்னு அவருல்ல சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

கலியமூர்த்தி தாளை மடித்து என்னிடமே நீட்டினார். "வேணாம் சார், வச்சிக்குங்க. ஒரு கையெழுத்தோட இத வச்சிக்கிட்டு இருந்தா, சாருக்குக் காசு குடுத்து எழுதி வாங்கினேன்னு ஆவும். இருக்குற பேரு போதும்." கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஏறுமுன் கிளம்பச் சொல்லிப் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

அந்தத் தாளை நான் எடுத்துவரவில்லை. கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன். என் கையெழுத்துக்குக் கீழே தங்கள் பெயரைத் தட்டச்சு செய்து, அதன்மேல் ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறேன். களவுபோன பொருளைத் திரும்பப் பெற்றேன் என்று அன்று என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களே, அந்த அளவுக்கு இடம் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பார். பொன்னி அம்மாளும் இருப்பார். எந்தச் சட்டையோடு போவது என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பதில் எனக்கு வேண்டாம். தாங்கள் குமராட்சிக்குப் போய்வரும் வரை கடலூரிலிருந்து வரும் எந்த உறையையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பும்படி தபால்காரரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன்.

அ. மணவாளன்.